கடைசி மாலுமி: கிளாட் சூல்ஸின் நூற்றுப்பத்து ஆண்டுகள்

முதலாம் உலக மகாயுத்தத்திலே ஆறு கோடிக்கும் மேற்பட்டோர் படைகளிற் சேர்ந்தனர். அவர்களுள் போர்க்களத்திற் பணியாற்றிய கடைசி மனிதர் 2011ஆம் ஆண்டு மே மாதம் 5ஆந் தேதி, மேற்கு அவுஸ்திரேலியாவின் தலைநகரான பேர்த் நகரில், முதியோர் இல்லம் ஒன்றிலே உறக்கத்தில் உயிர் நீத்தார். அவர் பெயர் கிளாட் சூல்ஸ். அப்போது அவருக்கு வயது 110. அவர் தளபதியல்லர், பெரும் வீர விருது எதையும் வென்றவருமல்லர். கடற்படையிலே சாதாரணப் பையனாகச் சேர்ந்து, அதிகாரி தரத்தை எட்டாமலே ஓய்வு பெற்ற ஒரு மாலுமி. ஆயினும் ஒரு யுகத்தின் கடைசிச் சாட்சியாக நிற்கும் பேறு, அல்லது பாரம், அவர் தோளிலேயே விழுந்தது. அந்தப் பாரத்தை அவர் எவ்வாறு சுமந்தார் என்பதே அவருடைய சரித்திரத்தின் சுவையான பகுதி.

விக்டோரியா மகாராணியார் மறைந்து 40 நாட்களின் பின், 1901ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆந் தேதி, இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர்ப் பகுதியிலுள்ள பெர்ஷோர் என்னும் ஊரில் சூல்ஸ் பிறந்தார். அதே ஆண்டு சனவரி முதலாந் தேதியன்றுதான் அவுஸ்திரேலியக் குடியேற்றங்கள் ஒன்றுகூடிக் கூட்டாட்சி நாடாயின. எனவே பின்னாளில் அவர் தம் நாடாக ஏற்றுக்கொண்ட தேசத்துக்கும் அவருக்கும் வயது ஒன்றே. ஊரின் ஓடையிலே மீன் பிடிப்பதும் நீந்துவதும் சிறுவனின் பொழுதுபோக்கு. அவ்வூர்த் தெரு வழியே முதன் முதலாக மோட்டார் வண்டி ஒன்று வந்தபோது குடிசனங்கள் யாவரும் வீட்டை விட்டு வெளியே ஓடி வந்து பார்த்த காட்சியை, நூறாண்டு கழிந்த பின்னும் அவர் மறக்கவில்லை.

அவருக்கு ஐந்து வயதானபோது தாயார் வீட்டை விட்டுப் போய்விட்டார். நாடக மேடை அவரை அழைத்தது. கணவரையும் பிள்ளைகளையும் துறந்து அவர் அதன் பின்னே சென்றார். சிறுவனிடமோ, தாய் இறந்துவிட்டாள் என்று சொல்லி வைத்தார்கள். உண்மை வேறு என்பதை அறிந்தபோது உண்டான காயம் எளிதில் ஆறும் காயமன்று. தாயற்ற வீட்டின் வெறுமையை அனுபவித்த பிள்ளை, தான் அமைக்கப்போகும் வீடு அப்படி இருக்கலாகாது என்று உறுதி பூண்டது. சூல்ஸின் நெடுவாழ்வைப் பற்றி எழுதியோர் பலரும் அவர் ஏறிய கப்பல்களையே எண்ணினர். ஆனால், அவரை ஆக்கிய முதல் நிகழ்ச்சி கடலில் நடந்ததன்று.

1914இல் யுத்தம் மூண்டது. அவருடைய மூத்த சகோதரர் இருவர் அதற்கு முன்னரே மேற்கு அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்திருந்தனர். அவ்விருவரும் அவுஸ்திரேலியப் படையிற் சேர்ந்து கலிப்பொலியிலே போரிட்டனர். தம்பிக்கும் போர்க்களம் போக ஆசை. இராணுவத்திலே கொம்பூதும் பையனாகச் சேர முயன்றார். வயது போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினான்காவது பிறந்தநாள் கழிந்து ஒரு மாதத்தில், 1915 ஏப்ரலில், கடற் பயிற்சிக்குச் சேர்ந்தார். ‘மேர்க்குரி’ என்னும் அப்பயிற்சிக் கப்பலை நடத்தியவர் வேறு யாருமல்லர், ரஞ்சித்சிங்ஜியின் நண்பராய்க் கிரிக்கெட் உலகம் முழுவதும் புகழ் பெற்றிருந்த சி. பி. ஃபிரை அவர்களே. துடுப்பாட்டத்திலே நளினம் காட்டிய அம்மனிதரின் பெயர் தாங்கிய பயிற்சிக் கூடத்திலே நளினத்துக்கு இடமிருக்கவில்லை. கட்டுப்பாட்டின் கடுமைக்குப் பெயர் பெற்றிருந்த இடம் அது. பின்னர் டெவன்போட் துறைமுகத்திலே ‘இம்ப்ரெக்னபிள்’ என்னும் கப்பலிலும் பயின்று, 1917இல் ‘றிவெஞ்ச்’ என்னும் பெரும் போர்க்கப்பலை அவர் அடைந்தார். வயது பதினாறு.

றிவெஞ்ச் 1916 மே 31ஆந் தேதி நடைபெற்ற ஜட்லண்ட் கடற்போரிலே பங்குபற்றிய கப்பல். சூல்ஸ் சேர்ந்தபோது அப்பெரும் போர் முடிந்து ஓராண்டாகியிருந்தது. ஜேர்மனியப் பெருங்கடற்படை அதன் பின் பெரும்பாலும் துறைமுகத்தை விட்டு வெளிவரவில்லை. பிரித்தானியப் பெருங்கடற்படையோ வட கடலின் வாயிலை அடைத்துக்கொண்டு காத்திருந்தது. அகழிகளிலே இலட்சக்கணக்கானோர் மாண்ட அதே காலத்தில், இக்கப்பல்களில் இருந்தோருக்கு வாய்த்த யுத்தம் குளிரும் மூடுபனியும் முடிவற்ற காவலுமே. எனினும் அக்காவல் பயனற்றதென்று எண்ணுவது தவறு. ஜேர்மனிக்குக் கடல் வழியே உணவும் மூலப்பொருளும் செல்லாதபடி தடுத்தது அதுவே. அதனாற் பசியால் வாடியவர்களுள் பெண்களும் குழந்தைகளும் அடங்குவர் என்பதையும் சேர்த்தே அதன் பயனை மதிப்பிட வேண்டும்.

1918 அக்டோபர் இறுதியிலே, கடைசியாக ஒரு முறை வெளியே சென்று போரிடும்படி ஜேர்மனியக் கடற்படைத் தலைவர்கள் ஆணையிடத் திட்டமிட்டனர். தோற்றுவிட்ட யுத்தத்திலே மானத்துக்காக மடிய மாலுமிகள் மறுத்தனர். கலகம் மூண்டது, அது நாடெங்கும் பரவியது, சில நாட்களில் கைசர் முடி துறந்தார். நவம்பர் 11ஆந் தேதி போர் நிறுத்தம் கைச்சாத்தாயிற்று. பத்து நாள் கழித்து, 21ஆந் தேதி காலை, ஸ்கொத்லாந்தின் போர்த் ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே, பெருங்கப்பல்களும் நாசகாரிகளுமாக 70 ஜேர்மனியக் கப்பல்கள் சரணடைவதற்கு வந்தன. அவற்றை எதிர்கொள்ள நேச நாடுகளின் ஏறத்தாழ 370 கப்பல்கள் இரண்டு வரிசைகளாக அணிவகுத்து நின்றன. பீரங்கிகள் ஆயத்தமாயிருந்தன, ஒரு குண்டேனும் வெடிக்கவில்லை. காலை பத்து மணியளவிற் பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்த அக்கப்பல்களிலே போரிடும் உணர்வின் அறிகுறியே தென்படவில்லை என்று, றிவெஞ்ச் கப்பலின் தளத்திலிருந்து அதைக் கண்ட பதினேழு வயது மாலுமி பிற்காலத்தில் எழுதினார். அன்று மாலை சூரியன் சாயும் வேளையில் ஜேர்மனியக் கொடிகள் இறக்கப்பட்டன. அனுமதியின்றி மீண்டும் ஏற்றலாகாது என்பது அட்மிரல் பீற்றியின் கட்டளை.

அக்கப்பல்கள் ஸ்கொத்லாந்தின் வடக்கேயுள்ள ஸ்காப்பா ஃபுளோ என்னும் கடற்குடாவிலே ஏழு மாதம் நங்கூரமிட்டுக் கிடந்தன. அங்கே மொத்தம் 74 கப்பல்கள். சமாதான உடன்படிக்கையின் பின் அவற்றை வென்றவர்கள் பங்கிட்டுக்கொள்வர் என்று அஞ்சிய ஜேர்மனிய அட்மிரல் லுட்விக் வொன் ரொய்ட்டர், 1919 ஜூன் 21ஆந் தேதி அவை யாவற்றையும் மூழ்கடிக்கும்படி இரகசியமாக ஆணையிட்டார். காவல் நின்ற பிரித்தானிய அணி அன்று காலைதான் பயிற்சிக்காகக் கடலுக்குச் சென்றிருந்தது. செய்தி கேட்டு அது திரும்புவதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. 52 கப்பல்கள் கடலுக்கு அடியிற் போயின. அன்றைய குழப்பத்திலே ஒன்பது ஜேர்மனியர் இறந்தனர். அந்த அணியின் தலைமைக் கப்பல் றிவெஞ்ச். அதன் தளபதி வைஸ் அட்மிரல் சிட்னி ஃபிரிமாண்டில். ஒரு கடற்படையின் சரணையும் அதன் சாவையும் ஒரே கப்பலில் இருந்து கண்டவர் சூல்ஸ். இங்கே ஒரு சிறு வேடிக்கையும் உண்டு. 1829இல் மேற்கு அவுஸ்திரேலியாவைப் பிரித்தானிய முடிக்கு உரியதெனப் பிரகடனம் செய்த கப்டன் சார்ள்ஸ் ஃபிரிமாண்டில் இந்த அட்மிரலின் குடும்பத்தவர். அவர் பெயரால் அமைந்த துறைமுகப் பட்டினத்திலேதான் சூல்ஸ் பிற்காலத்தில் இரண்டாம் யுத்தத்தைக் கழிக்கவிருந்தார்.

சமாதான காலத்துச் சேவையை விரித்துரைக்க வேண்டியதில்லை. கப்பல்கள் மாறின, பதவி சிறிது உயர்ந்தது. ஒன்றை மட்டும் கூறலாம். தென்னாபிரிக்கக் கரையிலே அலைமீது சறுக்கி விளையாட அவர் கற்றுக்கொண்டார். அங்கே வெள்ளையருக்கு ஒரு கடற்கரையும், அம்மண்ணின் சொந்த மக்களான கறுப்பருக்கு வேறொரு கடற்கரையும் ஒதுக்கப்பட்டிருந்ததைக் கண்டு, இது என்ன விந்தை என்று வியந்தார். ஏகாதிபத்தியத்தின் கப்பலில் வந்த இளைஞன் ஒருவனுக்கு அது விந்தையாகத் தோன்றியது என்பது குறித்துக்கொள்ளத் தக்கது. பலருக்கு அது தோன்றவேயில்லை.

1926இல், மெல்பேணுக்கு அண்மையிலுள்ள ஃபிளிண்டர்ஸ் கடற்படைப் பயிற்சி நிலையத்துக்கு ஆசிரியராக, வேறு சில மாலுமிகளோடு அவர் இரவலாக அனுப்பப்பட்டார். ஆறு வாரப் பிரயாணம். அந்தப் பிரயாணிக் கப்பலிலே குழந்தை பராமரிப்பைத் தொழிலாகக் கொண்ட ஓர் இளநங்கையைச் சந்தித்தார். ஆண்டு முடிவதற்குள் மெல்பேணில் இருவருக்கும் திருமணம் நடந்தது. 2003இல் மனைவி 98 வயதில் மறையும்வரை 76 ஆண்டுகள் அவர்கள் கூடி வாழ்ந்தனர். முதுமையின் கடைசி நாட்களிலும் இருவரும் அருகருகே அமர்ந்து ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டிருப்பதைக் கண்டவர்கள் சொல்வதுண்டு. அவுஸ்திரேலிய வாழ்க்கை முறை அவருக்குப் பிடித்துப் போயிற்று. அவுஸ்திரேலிய அரச கடற்படைக்கே நிலையாக மாறிக்கொண்டார். 1928இல் ஸ்கொத்லாந்திலே கட்டப்பட்ட ‘கன்பரா’ என்னும் போர்க்கப்பலைச் சேவைக்குக் கொண்டுவந்த முதல் மாலுமிக் கூட்டத்தில் அவரும் ஒருவர். 1932இல் டோர்பிடோ, நீர்மூழ்கி எதிர்ப்பு ஆகியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியரானார்.

இரண்டாம் யுத்தம் வந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. ஃபிரிமாண்டில் துறைமுகத்திலே பதில் டோர்பிடோ அதிகாரியாகவும், கண்டத்தின் மேற்குப் புறம் முழுவதற்கும் தகர்ப்பு வேலைகளின் தலைவராகவும் கடமை ஏற்றார். யுத்தத்தின் ஆரம்பத்திலே எஸ்பெரன்ஸ் என்னும் தெற்குக் கரையூரின் அருகே இனந்தெரியாத கடற்கண்ணி ஒன்று ஒதுங்கியது. சூல்ஸ் விமானத்தில் அங்கு கொண்டுசெல்லப்பட்டார். அது ஜேர்மனியக் கண்ணி என இனங்கண்டு, அதைச் செயலிழக்கச் செய்தார். அந்த யுத்தத்தில் அவுஸ்திரேலியக் கரையில் ஒதுங்கிய முதற் கண்ணி அதுவே.

1942இன் தொடக்கம் இந்து சமுத்திரத்தைச் சுற்றியிருந்த தேசங்களுக்கெல்லாம் கலக்கமான காலம். பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 19இல் டார்வின் குண்டு வீச்சுக்குள்ளாயிற்று. மார்ச் 3ஆந் தேதி, சூல்ஸின் நாற்பத்தோராவது பிறந்தநாளன்று, மேற்கு அவுஸ்திரேலியாவின் புரூம் துறையிலே அகதிப் பெண்களும் குழந்தைகளும் ஏறியிருந்த கடல் விமானங்களை ஜப்பானிய விமானங்கள் சுட்டெரித்தன. ஏப்ரல் 5இல் கொழும்பும் 9இல் திருகோணமலையும் தாக்கப்பட்டன. அந்த 9ஆந் தேதியே மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந் தாங்கியும் அதற்குத் துணை நின்ற அவுஸ்திரேலிய நாசகாரி ‘வம்பயர்’ உம் மூழ்கின. சூல்ஸின் பழைய கப்பலான றிவெஞ்ச் அந்நாட்களிலே இலங்கையைத் தளமாகக் கொண்ட கிழக்குக் கடற்படையோடு இணைந்திருந்தது. முதுமையும் மந்த வேகமும் அடைந்துவிட்ட அதனை ஜப்பானியரின் கண்ணிற் படாதவாறு கிழக்காபிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அவர் சேவைக்குக் கொண்டுவந்த கன்பராவோ அதே ஆண்டு ஆகஸ்ட் 9இல், சொலமன் தீவுகளின் கடலில் அழிந்தது.

இத்தகைய சூழலில் அவருக்கு இடப்பட்ட வேலை விசித்திரமானது. ஜப்பானியர் தரையிறங்கினால், ஃபிரிமாண்டில் துறைமுகத்தையும் எண்ணெய்த் தாங்கிகளையும் எதிரிக்குப் பயன்படாதவாறு வெடிவைத்துத் தகர்க்க வேண்டும். வெடிமருந்தை உரிய இடங்களில் அவர் வைத்தார். புறப்பட முடியாமல் துறையிலே தங்கிய கப்பல்களுக்கும் நீரடிக் குண்டுகள் பொருத்தினார். தம் குடும்பம் வாழும் பகுதியின் துறைமுகத்தைத் தாமே அழிக்க ஆயத்தமாய், திரியோடு காத்திருந்த ஒருவரின் மனநிலை எவ்வாறிருந்திருக்கும்! எதிரி வரவில்லை. ஃபிரிமாண்டில் நேச நாட்டு நீர்மூழ்கிகளின் பெருந்தளமாயிற்று. 1944இலே திருகோணமலையிலிருந்து ‘மெயிட்ஸ்ரன்’ என்னும் தாய்க்கப்பலும் பிரித்தானிய நீர்மூழ்கிகளும் அங்கே இடம் மாறின. காலி மாவட்டத்துக் கொக்கலை வாவியிலிருந்து பேர்த் நகரின் சுவான் ஆற்றுக்கு, வானொலித் தொடர்பின்றி முப்பது மணி நேரம் அளவில் ஒரே மூச்சிற் பறந்த கடல் விமானங்களும் அக்காலத்தனவே. சூல்ஸ் வைத்த வெடிமருந்து வெடிக்கவேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. இவருடைய சேவையின் மிகப் பெரிய வெற்றி இதுவென்று சொன்னால் மிகையாகாது.

யுத்தம் முடிந்த பின் கடற்படைத் துறைமுகப் பொலிசுக்கு மாறி, 1956இல், ஐம்பத்தைந்தாவது வயதில் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவில். படகொன்று வாங்கிக்கொண்டு, பேர்த்துக்குத் தெற்கே பத்தாண்டு காலம் சிங்கி இறால் பிடித்தார். கடலில் நீந்துவதை நூறாவது வயதில்தான் நிறுத்தினார்.

எண்பது வயதை எட்டியபோது பிள்ளைகள் அவரை எழுத்துப் பயிற்சி வகுப்பொன்றிற் சேரும்படி தூண்டினர். மாலுமி மாணவரானார். தாம் கண்டவற்றைத் தாளிலே எழுதத் தொடங்கினார். அச்சேற்றுவதற்காகவன்று, மூன்று பிள்ளைகளும், பதினொரு பேரப்பிள்ளைகளும், அவர்தம் மக்களும் படித்தறிவதற்காக. பீரங்கிகளைப் பற்றி எழுதிய அளவுக்கு ஊரோடையைப் பற்றியும், ஒரு பென்னிக்கு ஒரு பெட்டி சிகரெட் விற்ற காலத்தைப் பற்றியும் அதில் உண்டு. தாத்தா ஒருவர் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையின் ஒழுங்கு சரித்திர நூலின் ஒழுங்கன்று. ஆனால் சரித்திர நூல்கள் விட்டுவிடுபவை அங்கேதான் கிடைக்கின்றன. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளின் பின், 2009இல், ‘கடையோரில் கடைசியானவர்’ என்னும் பொருள்படும் தலைப்போடு அக்குறிப்புகள் நூலாக வெளிவந்தன. அப்போது ஆசிரியருக்கு வயது 108. முதல் நூலை அவ்வயதில் வெளியிட்ட வேறொருவரைக் காண்பது அரிது.

அந்த 2009 ஜூலை மாதத்தில், ஒரு வார இடைவெளியில், ஹென்றி அலிங்ஹாம், ஹரி பட்ச் என்னும் பிரித்தானிய முதுவீரர் இருவரும் இறந்தனர். 2011 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஃபிராங்க் பக்கிள்ஸ் மறைந்தார். போர்ப்பணி புரிந்தோருள் சூல்ஸ் ஒருவரே எஞ்சினார். பத்திரிகையாளர் தேடி வந்தனர். நீண்ட ஆயுளின் இரகசியம் யாது என்ற வழக்கமான கேள்விக்கு, மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதுதான் என்று விடை கூறுவார். சில வேளை மீனெண்ணெயைக் காரணமாகக் காட்டுவார். குடும்பத்தின் அன்பே தம்மை வாழவைத்தது என்பதுதான் அவருடைய உள்ளத்து நம்பிக்கை என்று பிள்ளைகள் கூறினர். தாய் விட்டுப்போன அந்தச் சிறுவனை நினைவிற் கொண்டால் இது வெறும் உபசார வார்த்தையாகத் தோன்றாது.

ஆனால் நாடு அவரிடம் எதிர்பார்த்த ஒன்றை அவர் கொடுக்கவில்லை. ஏப்ரல் 25ஆந் தேதி, அன்சாக் தினமென அவுஸ்திரேலியர் போற்றும் அந்நாளிலே, முதுவீரர்கள் பதக்கங்கள் அணிந்து தெருவழியே அணிவகுத்துச் செல்வது வழக்கம். நாற்பத்தோராண்டு சேவை செய்த சூல்ஸ் அதில் நடக்க மறுத்தார். கலிப்பொலியிற் போரிட்ட சகோதரர்கள் இருவரைக் கொண்டிருந்தவர் அவர் என்பதை மறத்தலாகாது. யுத்தத்தை மகிமைப்படுத்தும் எதுவும் அவருக்கு உவப்பாயிருக்கவில்லை. எதிரியை வெறுக்கும்படி பயிற்சியில் தமக்குக் கற்பித்தார்கள் என்றும், அவர்களும் தம்மைப் போன்ற வாலிபர்களே என்பதைப் பின்னரே உணர்ந்ததாகவும் குடும்பத்தாரிடம் அவர் சொல்லியிருந்தார். இதனை நன்றியின்மை என்று எண்ணுவோர் இருக்கலாம். ஆனால் கடற்படையை அவர் ஒருபோதும் பழித்தவரல்லர்; அதன் ஒழுங்கையும் தோழமையையும் இறுதிவரை மதித்தார். அவர் மறுத்தது சேவையையன்று, அதன் பேரால் நடக்கும் கொண்டாட்டத்தையே. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணும் கண் போரை அறியாதவர்களிடம் அருகிக் காணப்படுகிறது.

2011 மே 20ஆந் தேதி, ஃபிரிமாண்டிலில், கடற்படை மரியாதைகளோடு அவருடைய இறுதிச் சடங்கு நடந்தது. முதலாம் யுத்தச் சேவையின் எந்தப் பிரிவையும் சேர்ந்த கடைசி ஒருவர், பிரித்தானிய விமானப்படையின் பெண்கள் பிரிவிலே உணவு பரிமாறிய ஃபுளொரன்ஸ் கிரீன் அம்மையார், மறு ஆண்டு பெப்ரவரியில் மறைந்தார். அதனோடு அந்த யுத்தம் ஏடுகளுக்குரியதாயிற்று.

அவுஸ்திரேலியக் கடற்படை தன் கப்பல்களுக்கு அதிகாரிகளல்லாத மாலுமிகளின் பெயரைச் சூட்டுவது மிக அபூர்வம். அதற்கு முன் ‘ஷீன்’ என்னும் நீர்மூழ்கி ஒன்றுக்கே அச்சிறப்பு வாய்த்திருந்தது. பிரித்தானியாவிடமிருந்து வாங்கிய 16,000 தொன் எடைகொண்ட, துருப்புக்களைத் தரையிறக்கும் பெருங்கப்பல் ஒன்று 2011 டிசம்பரில் ஃபிரிமாண்டிலிலே ‘சூல்ஸ்’ என்னும் பெயரோடு சேவைக்கு வந்தது. அணிவகுப்பில் நடக்க மறுத்தவரின் பெயர் போர்க்கப்பலின் பக்கத்திற் பொறிக்கப்பட்டது பொருத்தமோ அன்றோ என்று வாதிடலாம். 2020 சனவரி தொடக்கத்திலே, விக்டோரியா மாநிலத்தின் கிழக்குக் கோடியிலுள்ள மல்லகூட்டா என்னும் கரையூரைக் காட்டுத்தீ சூழ்ந்து, தரை வழிகள் யாவும் அடைபட்டன. வானம் பகலிலும் செந்நிறமாகக் கிடந்த அக்கடற்கரைக்கு அனுப்பப்பட்டது இந்தக் கப்பலே. ஏறத்தாழ ஆயிரம் பேரை, அவர்களுடைய வளர்ப்பு நாய்களோடு ஏற்றிக்கொண்டு, வெஸ்ரேண் போட் என்னும் குடாவிலே அது அவர்களை இறக்கியது. 1926இல் இருபத்தைந்து வயது இளைஞராக சூல்ஸ் வந்து சேர்ந்த பயிற்சி நிலையம் அக்குடாவின் கரையிலேதான் இருக்கிறது.